எட்டாம் கட்டத்து ஓணான்கள்

மணல் சூடு நாற்பத்தாறு டிகிரி. மணி ஒன்பது ஐம்பது. எழுதிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பிருந்தா மேடம் ஜீப்பில் வந்து இந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் இன்னும் ஐந்து ஓணான் பார்த்துவிட்டால் இன்றைய பக்கம் நிரம்பிவிடும். பங்குனி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் இந்தச் செம்மணல் தேரிக்காடு இப்படிக் காய்கிறது. சுடுகிறதா என்று கேட்டால், சுடுகிறது என்று தெரிகிறது, சுடவில்லை. பசி கூட அப்படித்தான், பசிக்கும் நேரம் என்று தெரிகிறது, உட்கார்ந்து தின்றுவிடுகிறேன். முன்னால் ஒரு வெள்ளைக் கல்மேல் ஆண் ஓணான் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது. வீட்டு வேலியில் ஓடுகிற பெரிய ஓணான் இல்லை, இது விசிறி ஓணான், என் கையளவுதான் இருக்கும், தாடைக்குக் கீழே ஒரு தோல் மடிந்து கிடக்கும், பெண்ணைக் கண்டால் அதை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். இதை நோக்கி நடப்பதுதான் என் வேலை. வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல், கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, நேராக நடக்க வேண்டும். எவ்வளவு கிட்டே போனதும் அது பயந்து ஓடுகிறதோ அந்தக் கணத்தில் நான் நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் போட வேண்டும், அங்கிருந்து அது உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும். முதல் நாள் இதைச் சொன்னபோது என் மாமியார் அடுப்பை விட்டுத் திரும்பி, "ஓணானப் பயங்காட்டுததுக்கா பி.எஸ்சி. படிச்ச?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிரிப்பு வந்திருக்க வேண்டிய கேள்வி.

நடக்கிறேன். பத்தடி. எட்டடி. ஓணான் என்னைப் பார்க்கிறது, ஒரு கண்ணால்தான் பார்க்கிறது, மற்றக் கண் காற்றாலைக் காத்தாடிப் பக்கம் இருக்கிறது. ஐந்தடி. இரண்டடி. குனிந்தால் தொட்டுவிடலாம். அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்தது போலக் கல்லை விட்டு இறங்கிப் போகிறது, ஓடுவது என்று அதைச் சொல்ல முடியாது. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். எழுதிவிட்டேன். காத்தாடி இல்லாத காட்டில், மணப்பாட்டுப் பக்கம், வேறொரு பையன் இதே மாதிரி அளக்கிறான், அங்கே ஐந்து மீட்டருக்கு முன்னாலேயே ஓடிவிடுகின்றனவாம். பிருந்தா மேடத்தின் ஆராய்ச்சியே இதுதான். காத்தாடிகள் வந்த பிறகு றெக்கை சுற்றுகிற இடத்துக்குப் பருந்தும் வல்லூறும் வருவதில்லை, தூக்கிப்போக ஆள் இல்லாததால் ஓணான்கள் பெருகிவிட்டன, பெருகியதோடு மட்டுமல்லாமல் பயத்தையும் விட்டுவிட்டன என்று மேடம் நினைக்கிறார். இருபது வருஷத்துக்குள் ஒரு பிராணி தன் பயத்தைத் தொலைத்துவிட்டது, சுற்றுச்சூழல் மாறினால் உயிர்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று போனில் சொல்லிக் குதித்தார். வாரா வாரம் நான் சராசரியைச் சொல்வேன். கார்த்திகையில் மூன்று மீட்டர் என்றேன். மார்கழியில் இரண்டு. தை முடிவில் ஒன்று. சூப்பருங்கக்கா, சூப்பருங்கக்கா என்பார். பொள்ளாச்சிப் பெண், இருபத்தேழு வயது, மூன்று வருஷ உழைப்பு, ஒருத்திக்குச் சந்தோஷம் கொடுக்க ஓணானாவது என்னிடம் இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். நினைத்தேன் என்று தெரிகிறது.

ஊர்வன என்று புத்தகத்தில் ஒரு பாடம். இரண்டாம் வருஷம் படித்தேன். நீரை விட்டுக் கரையேறியதற்கு அவை கொடுத்த விலை என்ன, பெற்றது என்ன, பத்து மதிப்பெண் கேள்வி. தோல் காய்ந்து செதிலானது. முட்டைக்கு ஓடு வந்தது, அதற்குள்ளேயே ஒரு துளிக் கடலை வைத்துக்கொண்டு மேட்டில் போய் இட முடிந்தது. பாம்பு காலை விட்டது. இந்த விசிறி ஓணானுக்குப் பின்னங்காலில் நாலு விரல்தான், ஐந்தாவதை எங்கே எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது, கேட்டால் நாலுதானே எப்போதும் என்று சொல்லும். வானம் இருண்டு குளிர்ந்த காலத்தில் மாட மாளிகை உயரம் இருந்தவை எல்லாம் செத்து விழுந்தன, கைக்குள் அடங்குகிறவை குழிக்குள் போய்ப் பட்டினி கிடந்து பிழைத்தன. அப்புறம் அந்தக் குளிர் ரத்தம். ஆசிரியை அதைத் திருத்துவார், குளிர் ரத்தம் என்று எழுதாதீர்கள், சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பிராணி என்று எழுதுங்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. அடக்கத்தன்று கோயிலில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், பக்கத்தில் இருந்தவர்களின் சூடு எனக்குள் வந்தது. வீட்டுக்கு வந்து கூட்டம் கலைந்ததும் தணிந்துவிட்டது. எட்டு மாதமாகிவிட்டது. வேதக் கூட்டத்துப் பெண்கள் வந்தால் அழுகை வரும், அவர்கள் கேட்டைத் தாண்டியதும் போய்விடும். மாமியார் பக்கத்து அறையில் இன்னும் சில நாள் விம்முகிற சத்தம் கேட்கிறது. நான் புரண்டு படுப்பேன். எப்சிபா தேறிவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். எப்சிபா நான்தான், பொன்சிங்கின் மனைவி, காத்தாடியிலிருந்து விழுந்து செத்த பொன்சிங்கின் மனைவி. இப்படிச் சொல்லிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது ஓணான். பெண். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். நான் நிற்பது எட்டாம் கட்டம், நோட்டில் அப்படி இல்லை, மூன்றாம் கட்டம் என்று இருக்கிறது. அதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பார்க்காமல் இல்லை, தினமும் என் கண் அந்த வரியின் மேல்தான் போகிறது. காட்டை மேடம் பன்னிரண்டு கட்டமாகக் கயிறு பிடித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், நாளுக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்தில் நடந்தால் பிறகு பதினோரு நாள் அந்தப் பக்கம் போகக்கூடாது, நோட்டின் பின்னட்டையில் அது எழுதி ஒட்டியிருக்கிறது. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு, மாதம் பிறந்ததும் உட்கார்ந்து முப்பது பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதியையும் கட்டம் எண்ணையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக, அழகாக. கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று மேடமே மெச்சினார். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் நேரே இங்கே வருகிறது. எட்டாம் கட்டம். ஒரு பக்கம் உடைமரப் புதர், ஒரு பக்கம் பேனல் ரூம், நடுவில் முப்பத்தொன்று என்று சிவப்பில் எழுதிய ஒரு காத்தாடியின் பழைய கம்பி டவர். கட்டத்தின் மேற்கு முனையில் நின்று முதல் ஓணானைத் தேடி, அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து அடுத்ததற்கு என்று நடந்தால் ஐந்தாவதோ ஆறாவதோ டவருக்கு அடியில்தான் இருக்கும். அங்கே சிமெண்டு மேடையின் ஓரம் ஒரு மூலை உடைந்திருக்கும். அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். மணல் சூட்டைப் பார்ப்பேன். மறுநாளும் அதே. இது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, தப்பு செய்கிறவளுக்கு ஒரு திருட்டு முழி இருக்குமே, அதுவும் இல்லை. கோடு போட்ட கட்டத்துக்குள் எண் இருக்கிறது, எண்ணுக்கு நேரே அளவு இருக்கிறது, பக்கம் நிரம்பிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளைக் கல்லின்மேல் அந்த ஆண் ஓணான் திரும்பவும் ஏறிவிட்டது. முன்னங்காலை ஒன்று மாற்றி ஒன்று தூக்கிக்கொள்கிறது, மணல் சூடு ஏறினால் இப்படிச் செய்யும், கொஞ்ச நேரத்தில் புதர் நிழலுக்குப் போய்விடும். இப்போதெல்லாம் பத்தரைக்கே போய்விடுகின்றன. பழைய புத்தகத்தில் பன்னிரண்டு மணி வரை மேயும் என்று இருக்கிறதாம், மேடம் சொன்னார், பூமி சூடாகச் சூடாக நிழலில் இருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகிறது, ஒரு நாள் மேய நேரமே இல்லாமல் நிழலில் உட்கார்ந்தபடியே பட்டினி கிடந்து சாகும் என்றார். அதைக் கேட்டபோது எங்கள் வீட்டு நடு அறையில் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் கண்ணில் வந்தது. இதை நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஓணான் சட்டென்று கல்லை விட்டுப் பாய்ந்தது. நான் நடக்கவே இல்லை. பின்னங்காலில் எழுந்து நின்று மனிதர் மாதிரி இரண்டு காலில் ஓடியது, கார்த்திகைக்குப் பிறகு அவை அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அதன் பின்னாலேயே பெண் ஓணானும், இன்னும் இரண்டும். திரும்பிப் பார்த்தால் பேனல் ரூம் பக்கமிருந்து வாட்ச்மேன் கொம்பையா அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார், தலையில் ஈரத் துண்டு, கையில் தூக்குவாளி. என்னை அறியாமல் என் கை டேப்பை இழுத்தது. அவர் நின்ற இடத்திலிருந்து வெள்ளைக் கல் வரைக்கும் பிடித்தேன். ஒன்பது மீட்டர் இருபது.

"என்னம்மா எப்சி, ஓணானுக்கெல்லாம் ஆதார் எடுத்து முடிச்சாச்சா?" என்றார்.

"இன்னும் மூணு பாக்கி இருக்கு அண்ணாச்சி."

"என்னையும்லா அளக்க. நான் என்ன ஓணானா?"

"சும்மா பாத்தேன்."

அவர் போகவில்லை. தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டார். டவர் பக்கம் அவர் முகத்தைத் திருப்புவதே இல்லை, அன்றைக்கு முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் அவர்தான். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காத. நாலு மாசமாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இம்புட்டு காடு கெடக்கு. நீ தெனமும் முப்பத்தொண்ணுக்குத்தான் வார. அதே சேலையைக் கட்டிக்கிட்டு, அதே தடத்துல. ஒன் காலடிதான் அங்கன ஒத்தையடிப் பாதையாக் கெடக்கு, பாரு. மனசுக்கு ஆவாதும்மா." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார், நல்ல மனிதர்.

பார்த்தேன். பாதை இருந்தது. சிவப்பு மணலில் மேற்கு முனையிலிருந்து வளைந்து வளைந்து, கல் கல்லாகத் தொட்டு, டவர் வரைக்கும் ஒரு பாதை. காற்று அள்ளிப் போடுகிற தேரியில் ஒரு நாள் தடம் மறுநாள் இருக்காது, அதில் ஒரு பாதை விழ எத்தனை தடவை நடந்திருக்க வேண்டும். நூற்றுப் பதினான்கு நாள். அப்படியென்றால் மூன்று மீட்டர் இரண்டானதும், இரண்டு ஒன்றானதும், ஒன்று நாற்பது சென்டிமீட்டர் ஆனதும் காத்தாடியால் இல்லை. பருந்து வராததால் இல்லை. இருபது வருஷத்து மாற்றமும் இல்லை. நான்தான். தினமும் அதே நேரத்துக்கு அதே நடையில் வந்து, ஒன்றும் செய்யாமல், டேப்பை இழுத்துச் சுருட்டிக்கொண்டு போகிற ஒருத்தி. இவளால் ஒன்றும் ஆகாது என்று அவை தெரிந்துகொண்டன. அவற்றுக்குப் பயம் போகவில்லை, என்னிடம் பழகிவிட்டன. அண்ணாச்சியைக் கண்டதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினவே. பழகிப்போவது வேறு, பயம் போவது வேறு. இரண்டையும் ஒரே டேப்பால் அளந்தால் ஒரே அளவுதான் வரும். இந்த நோட்டு செல்லாது. ஒரு பக்கம் கூடச் செல்லாது. சொல்லிவிட வேண்டும். சொன்னால் எட்டாம் கட்டம் போய்விடும், வேலையும் போய்விடலாம், அதைவிட ஏன் அங்கேயே போனீர்கள் என்று கேட்பார், என் வீட்டுக்காரர் விழுந்த இடம் என்று சொல்வேன், ஐயோ பாவம் என்பார், அது எனக்குப் பழக்கம்தான். அதற்கு மேல் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காததை நானாக எதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் நடக்கலாம், ஓணானுக்குப் பயம் போய்விட்டது என்று எங்கேயோ அச்சாகும், யாரோ படிப்பார்கள், ஓணானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாவது ஓணான் நிழலுக்குப் போய்விட்டது. நாலாவதைக் காணோம். மணி பத்து நாற்பது, மணல் சூடு ஐம்பத்தொன்று. டவருக்கு அடியில் வந்து நிற்கிறேன். அன்றைக்கு நான் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம், காற்றுக்காலம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன், செதில் ஒன்று போன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ரொம்ப நாள் கிடந்தது, எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. அதற்கு மேல் போக வேண்டாம். செதில். பாம்பு சட்டையைக் கழற்றும்போது கண்ணின் மேல் இருக்கிற செதிலும் சேர்ந்து கழலும், அதுவரை இரண்டு நாள் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, அந்த நாட்களில் பாம்பு யாரைக் கண்டாலும் சீறும். ஒன்பது வருஷம் காத்தாடி பழுதுபார்க்க ஏறினார் அவர். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று, பிறகு ஆறு. முதல் வருஷம் கை நடுங்குமாம், ஏறி இறங்கிய ராத்திரி சோற்றை உருட்ட முடியாதாம், அவரே சொல்லிச் சிரிப்பார். அப்புறம் பழகிவிட்டது. மேலே நின்று எனக்குப் போன் போட்டு, கடல் தெரிகிறது, கப்பல் தெரிகிறது, உன் கொடியில் காய்கிற சேலை தெரிகிறது என்று புளுகுவார். நானும் பழகிவிட்டேன். காலையில் சோறு கட்டிக் கொடுக்கும்போது பார்த்துப் போங்க என்று முதல் வருஷம் சொன்னேன், இரண்டாம் வருஷமும் சொன்னேன், எப்போது நிறுத்தினேன் என்று யோசித்தால் ஞாபகம் இல்லை. ஓணானைப் போலத்தான், அளந்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏளா எப்சி, காத்து ஒரு மாதிரியா அடிக்கி. ஏறதுக்குப் பயமா இருக்குளா." இதுதான் அவர் சொன்னது. இதைத்தான் நான் எட்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் என்னிடம் சொல்லாத வார்த்தை. அந்தக் குரலில் ஒரு வித்தியாசம் இருந்தது, சின்னப்பிள்ளை இருட்டில் கூப்பிடுகிற மாதிரி, நான் அதைக் கேட்டேன், கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டுச் சிரித்தேன். ஒம்பது வருசமா ஏறுதிய, இன்னைக்குத்தான் பயம் வருதாக்கும், நல்ல பயந்தாங்கொள்ளிக்கு வாக்கப்பட்டேன் என்றேன். அவரும் சிரித்தார். சரி சிரி, வந்து பேசிக்கிடுதேன் என்றார். அரை மணி நேரத்தில் பாதுகாப்புக் கொக்கியை மாட்டுவதற்கு முன்னால் காற்று தூக்கிவிட்டது. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, கடைசியாக யாரிடம் பேசினார் என்று கேட்டார்கள், என்னிடம்தான் என்றேன். என்ன பேசினார், சும்மாதான், சாப்பாட்டைப் பற்றி என்றேன். மாமியாரிடமும் அதையேதான் சொன்னேன். என்ன கறி என்று கேட்டானா என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், ஆமாம் அத்தை, சாளை என்றேன், சந்தோஷப்பட்டானா, ஆமாம். அந்தப் பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்கள் தூங்குகிறார்கள். எனக்குக் குற்றவுணர்ச்சி இருக்க வேண்டும், இருக்கிறது என்று தெரிகிறது.

தகவமைப்பு என்று புத்தகத்தில் போடுகிறார்கள், ஏதோ ஓணான் உட்கார்ந்து யோசித்து, காலம் மாறிவிட்டது, நாமும் மாறிக்கொள்வோம் என்று முடிவெடுத்த மாதிரி. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாங்காதவை செத்தன. தாங்கியவை இருந்தன. செத்ததைப் பேசாமல் விட்டுவிட்டு இருப்பதை மட்டும் பார்த்து, ஆகா எப்படிப் பொருந்திப் போய்விட்டது பார் என்கிறோம். ஊரும் என்னை அப்படித்தான் பார்க்கிறது. வேலைக்குப் போகிறாள், பஸ் ஏறுகிறாள், இறங்குகிறாள், முகத்தில் பவுடர் கூடப் போடுகிறாள். பயம்தான் அவற்றைக் காப்பாற்றியது, மாட மாளிகை உயரம் இருந்த காலத்திலும், இல்லாத காலத்திலும். நிழல் விழுந்தால் ஓடு, காலடி கேட்டால் ஓடு, காரணம் கேட்காதே. பயப்படுகிற ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறதற்கு அவற்றின் கூட்டத்தில் யாரும் இல்லை. கோபம் வருகிறது. எனக்கு என்மேல் கோபம் வருகிறது, இது தெரிகிற கோபம் இல்லை, வருகிற கோபம். தண்ணீர் குடித்தேன். போகவில்லை. புதர் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு ஓணான் இருந்தது, நகரவில்லை, சனியனே ஓடு என்று ஒரு பிடி மணலை அள்ளி எறிந்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. என்னை நம்பாதே என்று எப்படிச் சொல்வது அதற்கு.

ஜீப் பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. பிருந்தா மேடம் தொப்பியும் காமிராவுமாக இறங்கினார், வழியில் வாங்கிய பதநீரை ஒரு பாட்டிலில் வைத்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். "ஏனுங்கக்கா, முத்து முத்தா எழுதியிருக்கீங்க. நாப்பத்திரெண்டு, முப்பத்தெட்டு. எங்க கைடு சார் நம்பவே மாட்டாருங்க. நீங்க ஒருக்கா நடங்க, நான் வீடியோ எடுத்துக்கறேன்."

பிடிவாதமாக ஒரு ஆண் ஓணான் மட்டும் புதரின் ஓரத்து நிழலில், ஒரு பனை மட்டையின் மேல் இருந்தது. எழுந்து நடந்து காட்டினால் போதும். முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் விடும். காமிராவில் பதிவாகும், அவர் கிளம்பிவிடுவார், நாளைக்குக் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். என் கால் கூட ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது.

"நீங்க நடங்க மேடம்," என்றேன்.

"நானுங்களா? எதுக்குங்க?"

"ஒரு தடவ நடந்து பாருங்க."

காமிராவை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நன்றாகத்தான் நடந்தார், எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தானே. நாலாவது அடியில் ஓணான் மட்டையை விட்டுப் பறந்தது. மேடம் அப்படியே நின்றார். மட்டையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், நடுவில் இருந்த மணலைப் பார்த்தார். ஏழு மீட்டர் இருக்கும்.

"இது வேற எங்கிருந்தாவது வந்ததுங்களா?"

"இல்ல. தெனமும் இங்கதான் இருக்கும். என்னைக் கண்டா ஓடாது, ஒங்களக் கண்டா ஓடும். கொம்பையா அண்ணாச்சியக் கண்டாலும் ஓடும்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன். "நான் தெனமும் இந்த எட்டாம் கட்டத்துலதான் நடந்தேன் மேடம். நோட்டுல இருக்க நம்பரு முன்னாலயே எழுதி வச்சது. எல்லாம் எட்டுதான்."

அவர் நோட்டைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். "நூத்திப் பதினாலு நாளுங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "வாரா வாரம் கொறஞ்சுதே. நான் பாட்டுக்குச் சந்தோசப்பட்டுட்டு இருந்தேனுங்களே. சும்மா பழகிப்போச்சு, அவ்வளவுதானுங்களா? பயம் போகவே இல்லீங்களா?" அப்புறம் கோபம் வந்தது அவருக்கு, வர வேண்டியதுதான். "ஏனுங்கக்கா? பன்னெண்டு கட்டம் பிரிச்சுக் குடுத்தேனில்ல? படிச்சவங்கதானே நீங்க? இந்த ஒரு எடத்துல அப்படி என்னங்க இருக்குது?"

"எங்க வீட்டுக்காரவ இந்த டவர்லருந்துதான் விழுந்தாவ."

அவர் முகத்தில் கோபம் அப்படியே நின்று, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கியது. "ஐயோ, அக்கா. எனக்குத் தெரியாதுங்க. யாருமே சொல்லலீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். இதோடு நிறுத்தியிருக்கலாம். இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பாவம் என்று விட்டுவிடுவார்கள், நோட்டைக் கூட மன்னித்துவிடுவார்கள். அவர் கை சூடாக இருந்தது. என் கையும் சூடாக இருந்தது, அது அவர் கையால் இல்லை.

"அது இல்ல மேடம். நீங்க கேட்டியள்ளா, பயம் போவவே இல்லையான்னு." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "அவியளுக்கும் போவல. ஒம்பது வருசம் ஏறியும் போவல. அன்னைக்கு ஏறதுக்கு முன்ன எனக்குப் போன் பண்ணுனாவ. பயமா இருக்குன்னு சொன்னாவ." பிருந்தா என் கையை விடவில்லை. "நான் சிரிச்சேன் மேடம். எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாவ, நான் சிரிச்சேன்."